உண்மை இல்லை, ஸயா

வகுப்பறையில் ஒரு மொழியைக் கற்பிப்பதென்றால் முதலில் பொய் சொல்லக் கற்பிக்க வேண்டும். இரண்டு நாள் தொண்டர் பயிற்சியில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தீப்பிடித்தால் எந்தக் கதவால் வெளியேறுவது என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்கள்.

ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முதற் பக்கத்தில், "என் பெயர் பீட்டர். நான் பிளம்பர். எனக்கு ஒரு நாய் இருக்கிறது" என்று இருக்கும். மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில், தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பர்மியர்கள் பதினான்கு பேர் அதை என் பின்னால் சேர்ந்து சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர்கூடப் பீட்டர் இல்லை. ஒருவரும் பிளம்பர் இல்லை. நாய் வளர்க்க விடும் வாடகை வீடு அவர்களில் எவருக்கும் கிடைத்ததில்லை. ஆனாலும் சொன்னார்கள். பதின்மூன்று பேர் சொன்னார்கள்.

பதினான்காவது ஆள் யன்னலோரக் கதிரையில் இருந்தார். அறுபதை அண்டிய சிறிய பெண். இரண்டு கன்னத்திலும் தனக்கா என்று அவர்கள் சொல்லும் மரப்பட்டைக் குழம்பு வட்டமாகக் காய்ந்திருக்கும். காளான் பண்ணையில் அதிகாலை வேலையை முடித்துவிட்டு வருவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்ற, மண்டப வாசல் கோயில் வாசலாகி, 'தடுக்கி விழும் ஆபத்து' என்று நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டி வந்தது. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத அவரிடம் அனுமதி வாங்கவில்லை. அனுமதி வாங்காமல் எழுதுவது முறையல்ல.

"நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நான் பீட்டர் இல்லை, ஸயா."

ஸயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். அவர் என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். அதை இயன்றவரை அதே எலும்புகளோடு தமிழில் தருகிறேன்.

"இது பயிற்சி. ஒருவரும் பீட்டர் இல்லைத்தான். சொல்லிப் பழகுங்கள்."

அவர் புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உண்மை இல்லை, ஸயா" என்றார். அதில் கோபமோ வீம்போ இல்லை. உங்கள் சட்டையில் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கிறது என்று ஒருவரிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

பொய் சொல்லாதே என்கிற பௌத்தப் பஞ்சசீலம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே வகுப்பில் ஒரு பிக்கு இருந்தார். காவியுடை, மழித்த தலை, முப்பது வருடத் துறவு. "நான் டாக்ஸி ஓட்டுகிறேன். என் மனைவிக்கு மீன் பிடிக்கும்" என்று அவர் மண்டபம் அதிரச் சொல்வார். அந்த அம்மா பிக்குவைப் பக்தியோடுதான் பார்ப்பார். ஆனால் அந்த வசனத்தின்போது மட்டும் பக்தியில் கொஞ்சம் கவலையும் சேர்ந்துகொள்ளும்.

"எனக்கு ஒரு கார் இருக்கிறது" என்ற பாடம் வந்தது. அவருடைய முறை வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்குக் கார் இல்லை. அண்ணனின் மகனுக்குக் கார். வெள்ளை. பின்பக்கம் அடி. அவன், நான் இடிக்கவில்லை என்று சொல்கிறான். அவன் இடித்தான்."

தொலைபேசியில் வைத்தியரிடம் நேரம் கேட்கும் பாடத்தில், "எனக்குப் பல் வலிக்கிறது" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து, வேறு பாடத்தின் நடுவில், வீங்கிய கன்னத்தோடு கையை உயர்த்தினார். "ஸயா, இன்று என்னால் முடியும்" என்றார். கைப்பேசியைக் காதில் வைப்பதுபோலப் பாவனை செய்து, முழு உரையாடலையும் ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தார். வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஐந்து சொல்லோடு முடிக்கும் இடத்தில் அவர் இருபது சொல்ல வேண்டியிருந்தது. பொய்க்குப் புத்தகத்தில் வசனம் இருந்தது. உண்மைக்கு அவரே வசனம் கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான். இதை என் கற்பித்தல் முறையின் வெற்றி என்று அறிக்கையில் எழுதினேன். அறிக்கை எழுதுவதில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம் உண்டு. அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கந்தோர் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாக் கந்தோரும் ஒரே கோந்தில் ஒட்டியவை.

அந்த அறிக்கைக்கும் அவரே உலை வைத்தார். வருட முடிவில் மாணவர்கள் கருத்துப் படிவம் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் மண்டபத்துக்கு அடுத்த வருட அனுமதி. ஒருங்கிணைப்பாளர் இங்கேயே பிறந்த நம்முடைய பிள்ளை. என்னை மூலைக்கு அழைத்தாள்.

"அங்கிள், ஒரு மினிட் இருக்கோ? ஃபீட்பேக்கில ஒரு சின்ன இஷ்யூ. ரீச்சர் நேரத்துக்கு வாறாரோ எண்டதுக்கு ஒராள் 'நோ' போட்டிருக்கிறா."

யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நேரே அவரிடம் போனேன்.

"இரண்டு நாள். நான்கு நிமிடம். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை."

"ஓம், ஸயா. ஒரு நாள் நான்கு. ஒரு நாள் ஆறு."

அதே வாரம் அவர்களுடைய விளக்குத் திருநாள். அந்த நாட்களில் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் வணங்குவது அவர்கள் வழக்கம். என்னை ஒரு கதிரையில் இருத்தி, தோடம்பழமும் ஒரு துவாயும் பிஸ்கட் தகரமும் முன்னால் வைத்து, பிக்கு நீங்கலாகப் பதின்மூன்று பேரும் தரைவிரிப்பில் முழந்தாளிட்டு மூன்று தரம் நெற்றி நிலத்தில் பட வணங்கினார்கள். அந்த அம்மாவின் நெற்றி எல்லாருடையதையும்விடக் கூடிய நேரம் நிலத்தில் இருந்தது.

"நேரத்துக்கு வருவதில்லை என்று எழுதிவிட்டு என்னைக் கும்பிடுகிறீர்களே?" என்றேன், தோடம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு.

"கும்பிட்டதும் உண்மை, ஸயா. பிந்தியதும் உண்மை."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் துவாயைத் தடவிப் பார்த்து, "நல்ல துவாய். நல்ல மனுசி. இப்பிடி ஒராள் உங்களுக்கு எப்பவோ தேவைப்பட்டது" என்றாள்.

அந்த வகுப்பில் பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு ஜனவரி முதலாம் திகதி பிறந்தநாள். அகதி முகாமில் பதிந்த எழுத்தர், திகதி தெரியாதவர்களுக்கெல்லாம் அதையே போட்டுவிட்டார். தவணை தொடங்கியதும் ஒருங்கிணைப்பாளர் ஒரே கேக்கில் ஒன்பது பெயர் எழுதிக் கொண்டுவருவாள். எல்லாரும் பாடுவோம். அம்மா பாட மாட்டார். கேக்கை மட்டும் வாங்கிச் சாப்பிடுவார். நான் பார்ப்பதைக் கண்டு, "கேக் உண்மை, ஸயா" என்பார்.

'எனக்கு வேண்டும்' என்ற பாடத்தில் மற்றவர்கள் வீடு கேட்டார்கள், வேலை கேட்டார்கள். அவர், "எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும்" என்றார். அக்கா தாய்லாந்து எல்லை முகாமில் இருந்தார். இருவரும் ஒன்றாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவுஸ்திரேலியாவுக்கான நேர்முகத்தில் தங்கை தேறினார், அக்கா தேறவில்லை. இப்போது அக்காவுக்குச் சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன. தங்கை அகதிகளுக்கான பயணப் பத்திரத்தோடு தாய்லாந்து விசா கேட்டு இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

இது என் துறை. இலக்கமிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: முதலில் குடியுரிமை, பிறகு கடவுச்சீட்டு, பிறகு விசா, பிறகு அக்கா. அவர் அந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். எப்போதும் வைத்திருந்தார்.

மருமகன், அதாவது அந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரன், நாற்பது வயது ஆள், விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி அனுப்பினான். அவரிடம் காட்டவில்லை. பல வருடம் கூட இருந்தவன். ஏன் காட்டவில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. கந்தோரிலிருந்து பதில் வந்தது. பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது; இருவரும் ஒருவர்தான் என்று சத்தியக் கடதாசி ஒன்று வேண்டும் என்று. மிகச் சின்ன விஷயம். பத்து நிமிட வேலை.

நான் சமாதான நீதவானும்கூட. அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு முத்திரை உண்டு. சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் ஒரு மேசை போட்டிருந்து சத்தியக் கடதாசிகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வைப்பேன். கையெழுத்திடும் முன் அந்த ஆள் தன் வாயால், இதில் உள்ளது உண்மை என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. பல நீதவான்மார் கேட்பதில்லை. முத்திரையைக் குத்தி, அடுத்த ஆள் என்பார்கள். நான் கேட்பேன். ஒன்பது வருடத்தில் ஒருவரும் 'இல்லை' என்று சொன்னதில்லை. மெல்பேர்ணில் இவ்வளவு உண்மை இருப்பது அந்த மேசையில் இருந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

மருமகன் தட்டச்சு செய்த கடதாசியோடு இருவரும் வந்தார்கள். வழமைபோல் வாசித்துக் காட்டினேன். வழமைபோல் கேட்டேன்.

"இதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மைதானா?"

"இல்லை, ஸயா."

மருமகன் பர்மிய மொழியில் அவசரமாக ஏதோ சொன்னான். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் 'ஓம் எண்டு சொல்லித் துலையுங்கோ' என்பது எல்லா மொழியிலும் ஒரே ராகம்தான்.

"எது உண்மை இல்லை?"

அவர் விரலை வைத்தார். "பெயர் உண்மை. இரண்டும் நான்தான். பிறந்த நாள் உண்மை இல்லை. நான் வியாழன். இந்தத் தாளின் ஜனவரி ஒன்று, ஞாயிறு. இவனுடைய போனில் பார்த்தேன்."

பர்மியர் பிறந்த திகதியை மறந்தாலும் கிழமையை மறக்கமாட்டார்கள். பெயரின் முதலெழுத்தே கிழமையைப் பார்த்துத்தான் வைப்பார்கள். பகோடாவில் தண்ணீர் வார்ப்பதும் அவரவர் கிழமைக்குரிய மூலையில்தான். அவருடைய பெயர் வியாழக்கிழமைப் பெயர். அதை வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அந்தக் கடதாசி பொய் என்று தெரியும். நல்ல காலம், கந்தோரில் அப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

"இது கந்தோருக்கான திகதி" என்றேன். "உங்கள் வகுப்பில் ஒன்பது பேருக்கு இதே திகதிதான்."

"கந்தோருக்குப் பொய் சொல்லலாமா, ஸயா?"

"பொய் இல்லை. ஒரு ஏற்பாடு."

அந்தச் சொல்லை அவர் யோசித்தார். பிறகு கேட்டார்: "ஸயாவின் பிறந்த நாள் உண்மையா?"

"ஓம்" என்றேன்.

"எந்தக் கிழமை?"

"திங்கள்."

அவர் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு கிழமைக்கும் அவர்களிடம் ஒரு மிருகம் உண்டு. "திங்கள் புலி. ஸயா புலி! நான் எலி" என்றார். நூலகத்தில் ஒரு யாழ்ப்பாணத்தானைப் பார்த்து உரத்துச் சொல்லக்கூடிய சொல் அல்ல அது. வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "கவனமாகக் கேளுங்கள். திகதி பிழை என்று எழுதினால் உங்கள் கோப்பு இன்னொரு பிரிவுக்குப் போகும். அங்கே போன கோப்பு எப்போது திரும்பும் என்று எனக்கே தெரியாது. அக்கா வருத்தக்காரி. இந்த ஒரு தாளில், இந்த ஒரு தடவை."

அவர் பையைத் திறந்து, நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து, கடைசி வரியில் 'அக்கா' என்ற சொல்லைப் பார்த்தார்.

"நான் பிறந்ததை அம்மா சொல்லவில்லை. அம்மா அப்போதே செத்துவிட்டார். அக்கா சொன்னாள், வியாழன் என்று. அக்கா மட்டும்தான் பார்த்தாள். இந்தத் தாள் உண்மை என்றால், அக்கா பொய்." தாளைத் திரும்ப மடித்தார். "பொய்யில் ஏறிப் போய் அக்காவைப் பார்க்க மாட்டேன், ஸயா."

உண்மை இல்லை என்று ஒருவர் வாயால் சொன்ன பிறகு நான் முத்திரை குத்த முடியாது. முறை என்னையே பிடித்துக்கொண்டது. புதுத் தாள் ஒன்று எடுத்து நானே எழுதினேன்: 'இரண்டு விதமாக எழுதிய பெயரும் என்னுடையதே. என் பத்திரங்களில் உள்ள பிறந்த திகதியை முகாம் எழுத்தர் எழுதினார். நான் பிறந்தது ஒரு வியாழக்கிழமை. திகதி எனக்குத் தெரியாது.' வாசித்துக் காட்டிக் கேட்டேன். "எல்லாம் உண்மை, ஸயா" என்று அவர் சொன்ன மாதிரி அந்த மேசையில் ஒருவரும் சொன்னதில்லை. முத்திரையை ஓங்கிக் குத்தினேன். மருமகன் தலையில் கைவைத்தான்.

"நீங்கள் கேக்காமல் விட்டிருக்கலாமேயப்பா" என்றாள் மனைவி.

"கேக்கிறதுதான் முறை."

"முறை! கலியாணம் சாதகத்தின்படி, பென்சன் சேட்டிபிக்கற்றின்படி. உங்கட முறை எனக்குத் தெரியாதே?"

விஷயம் இதுதான். நான் பிறந்ததைப் பதிய அப்பா பிந்திப் போனார். பிந்தினால் விளக்கம் கொடுக்க வேண்டும், சாட்சி கொண்டுவர வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பதில் பிறந்த திகதியையே இரண்டு மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டார். சாதகத்தில் மாசி, சேட்டிபிக்கற்றில் சித்திரை. அந்தச் சித்திரைத் திகதிக்குக் கீழே வாழ்நாள் முழுவதும் கையெழுத்து வைத்து, இருபத்தெட்டு வருடம் மற்றவர்களுடைய திகதிகளைச் சரிபார்த்தேன். சாதகத்தின்படி நான் திங்கள் அல்ல, வெள்ளிக்கிழமை. பர்மியக் கணக்கில் அதற்கு வாலில்லாத கினிப் பன்றியாம். பிறகு தேடிப் பார்த்தேன்.

நான் சொன்னபடியே நடந்தது. என் எதிர்வுகூறல்கள் பலிப்பது இப்படியான விஷயங்களில் மட்டும்தான். அதே மாதத்தில் விண்ணப்பித்த பிக்கு அதிலிருந்து ஆறாம் மாதம் குடியுரிமை எடுத்து, விழாவில் கொடுத்த மரக்கன்றோடு வகுப்புக்கு வந்து, "நான் அவுஸ்திரேலியன்" என்றார். அவர் சொன்ன முதல் உண்மை அது. அம்மாதான் முதலில் கைதட்டினார். அம்மாவின் கோப்பு அடையாளப் பிரிவில் கிடந்தது. நான் ஏழு கடிதம் எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஏழு பதில் வந்தது. எனக்கு அந்த வசனம் நன்றாகத் தெரியும். அதை ஒரு காலத்தில் எழுதிக்கொண்டிருந்தவனே நான்தான்.

பதினோராம் மாதம் அக்கா இறந்துபோனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் தனக்கா இல்லை. தேநீர் இடைவேளையில், எல்லாரும் வெளியே போன பிறகு, எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்றார்.

"ஸயாவுக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அந்தத் தாளில் கையெழுத்து வைத்திருந்தால், அக்காவைப் பார்த்திருப்பேனா?"

எனக்குத் தெரியும். பிக்குவின் ஆறு மாதம், கடவுச்சீட்டுக்கு ஆறு வாரம், விசாவுக்கு இரண்டு வாரம். பார்த்திருப்பார். அக்காவோடு இரண்டு மாதம்கூட இருந்திருப்பார்.

"இல்லை" என்றேன். "எப்படியும் பிந்தியிருக்கும். வேறு ஏதாவது கேட்டிருப்பார்கள். கந்தோர் அப்படித்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மூன்று சொற்களுக்காகக் காத்திருந்தேன். இவ்வளவு காலமும் என்னை விசராக்கிய அந்த மூன்று சொற்களும் வரவில்லை.

"தேநீர் ஆறுகிறது, ஸயா" என்றார்.

குடியுரிமை பதினான்காம் மாதம் வந்தது. சான்றிதழில் ஜனவரி முதலாம் திகதிதான் இருந்தது. எங்கள் சத்தியக் கடதாசி கோப்பில் பத்திரமாக இருப்பதாக ஒரு கடிதமும் கூட வந்தது. அந்த வருட முடிவில் மருமகனுக்குப் பென்டிகோவில் வேலை கிடைத்து, இருவரும் அங்கே குடிபோனார்கள். போகும் முன் கருத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒருங்கிணைப்பாளர் என்னைத் திரும்பவும் மூலைக்கு அழைத்தாள். கையில் வேறொரு படிவமும் இருந்தது.

"சொறி அங்கிள். ரீச்சர் டிஸ்ஒனெஸ்ட் எண்டு ஆரும் எழுதினால் நாங்கள் அதைக் கொம்ப்ளெயின்ற்றாத்தான் பதிய வேணும். பொலிசி."

"தெரியும் பிள்ளை. அதுதான் முறை."

முறைப்பாடு என்ற கட்டத்தில் அம்மாவின் உருண்டை எழுத்தை அப்படியே பிரதி எடுத்து ஒட்டியிருந்தாள். 'இந்த வருடம் ஸயா பிந்தவில்லை. ஸயா ஒரு முறை பொய் சொன்னார். எனக்காகச் சொன்னார். நன்றி.'

கீழே என் பதிலுக்கு இடம் விட்டிருந்தது. முறைப்பாட்டை ஏற்கிறீர்களா, ஓம், இல்லை. விளக்கம்.

"மிஸ்அண்டர்ஸ்ராண்டிங் எண்டு மட்டும் போடுங்கோ அங்கிள். நான் க்ளோஸ் பண்ணிவிடுறன்."

பேனையைத் திறந்தேன். பென்டிகோவில் அவர் இன்னமும் என்னைத் திங்கட்கிழமைப் புலி என்றே நம்பிக்கொண்டிருப்பார். 'ஓம்' என்ற கட்டத்தில் சரி போட்டேன். விளக்கத்துக்கு விட்டிருந்த கோட்டில் எழுதினேன்:

'எண்ணிக்கை பிழை. இரண்டு முறை.'